மீதித் திருகு

பொத்தானை அழுத்தினால்
விசிறி அரைச்சுற்று சுற்றி நிற்கிறது.
மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை.

நாளைக்குப் பதினைந்தாம் தேதி.
மூன்று ரொட்டிக் கடைகளின் கணக்கு உள்ளே கிடக்கிறது.
நான் வெளியே, மேசைக்கடியில் முழந்தாளிட்டு
வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறேன்.
குத்தாயிசியில் மழை.
ரியோனி ஆறு இருட்டில்
தன் கற்களைத் தானே உருட்டிக்கொண்டிருக்கிறது.

முப்பது நொடி அமுக்கிப் பிடி, சியாலா, என்றாள்
போனில் நாத்தனார்.
பிடித்தேன். விரல்தான் சூடானது.

வேறு வழியில்லாமல்
நான்கு வருடமாய் நான் பேசாத
எட்டாம் மாடி அன்சோரின் கதவைத் தட்டினேன்.
அவர் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம்
என் சீலிங்கில் வரைந்த பழுப்பு வரைபடம்
இன்னும் அப்படியே இருக்கிறது.
அதில் ஒரு தீவுகூட உண்டு.

அவர் லிஃப்ட் மெக்கானிக்.
"கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது" என்றார்
வாசலிலேயே செருப்பைக் கழற்றியபடி.
"ஆனால் நின்றுபோனது எதுவானாலும்
முதலில் சுமையை இறக்க வேண்டும்."

இறக்கினோம்.
நினைவகப் பட்டைகள் இரண்டு,
என்றோ ஊமையாகிவிட்ட ஒலி அட்டை,
பூனையின் ஒரு முழுக் குளிர்காலத்து ரோமம்,
சூரியகாந்தி விதையின் தோல் ஒன்று.
விதை கொறிக்கும் பழக்கம் எனக்கில்லை.
யாருடைய பல் பட்டது என்று
அன்சோர் கேட்கவில்லை.
அந்த நாகரிகத்துக்காக
அரைத் தீவை மன்னித்தேன்.

பட்டையின் பொன்னிறப் பற்களை
பென்சில் ரப்பரால் தேய்த்தார்.
அழிரப்பர் பட்டு ஞாபகம் திரும்புவது
இந்த ஓர் இடத்தில்தான் போலிருக்கிறது.

ஒரு பட்டையை மட்டும் செருகி அழுத்தினோம்.
விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
ஒரு சின்ன பீப்,
முட்டைக்குள்ளிருந்து வருவதுபோல.
பிறகு கறுப்பில் வெள்ளெழுத்து:
பேட்டரி செத்துவிட்டதாம், தேதி தெரியவில்லையாம்.

லிஃப்டில் போடும் காசளவு பேட்டரி.
இரவு பதினொன்றுக்கு எந்தக் கடை?
அன்சோர் படியேறிப் போனார்,
தன் எடைக்கருவியின் வயிற்றிலிருந்து
ஒன்றை நோண்டி எடுத்துவந்தார்.
"தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
கடை திறக்கும்வரை எனக்கு எடை கிடையாது."

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஜனவரி ஒன்று
என்று நம்பிக்கொண்டிருந்தது அது.
கூட்டல் விசையில் விரலை வைத்தேன்.
ஓர் அழுத்தலுக்கு ஒரு வருடம்.
பதினான்கில் மகன் பள்ளி முடித்தான்.
பதினாறில் ஒருவர் இந்த நாற்காலியில்
விதை கொறித்துக்கொண்டிருந்தார்.
பதினேழில் இல்லை.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது
ஒரே மூச்சில்.
இருபத்தொன்றில் விரல் நின்றது.
மேலேயிருந்து தண்ணீர் இறங்கிய வருடம்.

அன்சோர் இருமினார்.
"அழுத்துங்கள். அந்த வருடம்
குழாயும் சரியில்லை, நானும் சரியில்லை."

அழுத்தினேன்.

திரை விடிந்தது.
கணக்கு இருந்தது, கடைசியாய் நான் பாதியில் விட்ட
மைதா மூட்டையின் விலைவரை.

மூடியை மாட்டி முடித்தபோது
ஒரு திருகு மீந்தது.
எல்லாத் துளையிலும் திருகு இருக்கிறது.
பெட்டியைத் தூக்கி ஆட்டினோம்,
எதுவும் கலகலக்கவில்லை.
"லிஃப்டிலும் இப்படி ஒன்றிரண்டு மீந்துவிடும்" என்றார்
வெகு சாதாரணமாய்.
நாளையிலிருந்து நான் படியில்தான் இறங்குவேன்.

அவர் போனபின் கணக்கை அனுப்பிவிட்டு
திருகைத் தேநீர்த் தட்டில் போட்டு வைத்தேன்.
நள்ளிரவு தாண்டி
சீலிங்குக்கு மேலே ஒரு கிறீச்.
பிறகு அசைவில்லாத கொஞ்ச நேரம்.
பழக்க தோஷத்தில் ஏறி நிற்கிறார் போல,
எதுவும் காட்டாத எடைக்கருவியின்மேல்.