பூச்சியம் தசம் பூச்சியம் மூன்று

செவ்வாய் இரவு நாற்பத்தெட்டு கோர்களில் ஓட்டினேன்.
புதன் இரவு தொண்ணூற்றாறில்.
அதே படிகம், அதே வெட்டாற்றல்.
பட்டைகளின் ஆற்றல்கள் எட்டாம் தசமம் வரை ஒன்று.
அலைச்சார்புகள் மட்டும்
கடன் கேட்டவனைக் கண்டதுபோல்
முகம் திருப்பி நின்றன.

செவ்வாயின் ஏழாம் பட்டையில் முதல் கெழு மெய்யெண்.
புதனில் அதே கெழு
கற்பனை அச்சின் பக்கம் சாய்ந்து கிடந்தது.
வழு என்று நினைத்தேன்.
மூன்று வாரம் தேடினேன்,
கோப்பை வாசிக்கும் வரிகளில், கம்பைலரில்,
கடைசியில் என் படிப்பிலேயே.

பெர்த்திலிருந்து மார்கிட் எழுதினாள்,
கான்பெராவுக்கு இரண்டு மணி நேரம் பிந்திய வெயிலில் இருந்து:
அதைத் தேடாதே, தொலைந்தால்தானே கிடைக்கும்.
ஒவ்வொரு கே-புள்ளியிலும் கணினி
கைக்கு வந்த கோணத்தை வைத்துவிட்டுப் போகும்.
அடர்த்தி எடுக்கையில் அது கரைந்துவிடும்.
ஒரு சுற்று முழுதும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து
மிச்சம் என்ன என்று கேள்.
அது மட்டும்தான் உன்னுடையது.

செந்தூரன் இரவு பதினொன்றுக்கு
ஃபிஷ்விக் பேக்கரிக்குக் கிளம்புகிறான்.
காலை அவன் சாவி திரும்பும்போது
நான் ஏரிக்கரையில் சைக்கிளில், ஆக்டனுக்குப் பாதி வழியில்.
ஒரே அடுப்பு, ஒரே தலையணை, ஒரே ரசம் இரண்டு சூட்டில்.
நீங்கள் சந்திப்பதே இல்லையா என்கிறார்கள் நண்பர்கள்.

செங்குத்து என்றால் சந்திக்காதது
என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
இரண்டு நிலைகளும் அதே பெட்டியின்
எல்லா மூலையிலும் இருக்கின்றன.
புள்ளிக்குப் புள்ளி பெருக்கிக்கொள்கின்றன,
இங்கே கூட்டல், அங்கே கழித்தல்.
மொத்தமாய்ப் பார்த்தால்
யாரும் யாருக்கும் பாக்கியில்லை.

எனக்குத்தான் பாக்கி வந்தது.
ஏழையும் எட்டையும் பெருக்கிக் கூட்ட
பூச்சியம் தசம் பூச்சியம் மூன்று.
கட்டத்தைச் சுழற்றிப் பார்த்தேன்.
எண் திசை மாறியதே தவிர
நீளம் குறையவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, துணி காயப்போடும்போது, விளங்கியது.
அணுக்கருவின் அருகே அலை வெறிபிடித்து நெளியும்.
அத்தனை நெளிவையும் தள அலைகளில் எழுத
எந்த நினைவகமும் தாங்காது.
அங்கே மழுமழுவென்று ஒரு வளைவை ஒட்டிவிட்டு
நெளிவைச் சிறு கோளங்களில் தனியே எடுத்துவைக்கிறோம்.
நான் மழுமழுப்பை மட்டும் கூட்டியிருந்தேன்.

ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் சீட்டுகள்:
ரசம் இருக்கு.
வாடகை கட்டியாச்சு.
குப்பைத்தொட்டி பச்சை, இந்த வாரம்.

கோளங்களைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன்.
பன்னிரண்டு பூச்சியங்கள், அதற்கப்பால் தூசி.
சரிதான்.
ஆனாலும் அந்த மூன்றை
அழிக்காமல் நோட்டில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு. அவனுக்கு விடுப்பு.
என்ன வந்தது என்றான்.
பூச்சியம்.
அது நல்லதா?
நல்லது என்றேன்.
நகக்கண்ணில் மாவு போகாத கையால்
என் ஹெல்மெட்டில் இன்னொரு கேபிள் டை மாட்டிக்கொண்டிருந்தான்.
வெளியே, யூகலிப்டஸில்,
தலையைக் கொத்தக் காத்திருக்கும் மாக்பை.
செப்டம்பர் இன்னும் முடியவில்லை.