கீற்று

லோகேஷ்னியின் சலூனில், கண்ணாடிக்கு மேலே,
விலைப்பட்டியல்:
தலை முழுக்கச் சாயம், அறுநூற்றைம்பது ராண்ட்.
ஹைலைட்ஸ், தொள்ளாயிரம்.

முழுக்கப் பூசினால் குறைவு,
கொஞ்சம் பூசினால் கூடுதல்.
பதினெட்டு வருஷம் பில் எழுதிய கைக்கு
இது என்ன கணக்கு என்று சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

மோபேனியில் எங்கள் பட்டறைக்கு
கதவில் ஒரு கீறலோடு வருகிறவர்கள்
இதையேதான் கேட்பார்கள்:
விரல் நீளம்தானே அம்மா,
பக்கத்துக் கதவுக்கு எதற்குக் காசு?
நிழலில் ஒட்டும் சார், என்பேன்.
கடற்கரைச் சாலை வெயிலில்
ஒரே வெள்ளை இரண்டு வெள்ளையாகிக் காட்டிக்கொடுக்கும்.
அடிபடாத கதவிலும் கொஞ்சம் தெளித்து
எங்கே முடிந்தது என்று தெரியாமல்
முடிக்க வேண்டும்.
அதற்குத்தான்.

என் தலைக்கு அவர்தான் பெயிண்டர்.
ஞாயிறு மாலை, சமையலறை ஸ்டூல்,
பட்டறைக் கையுறை,
காதோரம் மாஸ்கிங் டேப்.
பெட்டியில் வரும் கறுப்பு, நம்பர் ஒன்று.
ஒரு சொட்டு வழியாது.
குணசீலன் மூட்லி கையில் எதுவும் வழிந்ததில்லை,
நவம்பரில் பைன்டவுனுக்கு
துணி அடுக்கிய அன்றுகூட.

இப்போது ஜூன்.
வகிட்டிலிருந்து நாலு விரல் வெள்ளை,
அதற்குக் கீழே அவர் அடித்த கறுப்பு.
நடுவில் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு கோடு.
போன தேதியை
என் தலையிலேயே வாசிக்கலாம்.

பீனிக்ஸிலிருந்து அக்கா போனில்:
கறுப்பே அடி, அவன் பார்த்து எரியட்டும்.
கேப் டவுனிலிருந்து மகள்:
வெள்ளையா விட்டுடு மா, அதுதான் இப்ப ஸ்டைல்.
இரண்டு பேரும் என் தலையை நேரில் பார்த்து
ஒரு வருஷம் ஆகிறது.

'முழுக்க அடிச்சிடவா, ஆன்ட்டி?
அரை மணியில முடியும். பத்து வயசு போயிடும்.'
அந்தப் பத்து வருஷத்துக்குள்
யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.
கீற்றாகவே எடு, என்றேன்.

தாண்டேகா வால்சீப்பால் பிரித்துக் கொடுக்க
லோகேஷ்னி வெள்ளித்தாளில்
கோழி பொதிவதுபோல் மடித்துக்கொண்டே வந்தாள்.
நாற்பத்திரண்டாவது மடிப்பில் கரண்ட் போனது.
அட்டவணையில் நாளைக்குத்தான் இருந்தது.
'வெயில் இருக்கே,' என்றாள் தாண்டேகா.
நாற்காலியோடு என்னை நடைபாதைக்கு இழுத்தார்கள்.

சாட்ஸ்வர்த் மதியத்தில்
என் தலை மட்டும் தகதக.
டாக்சி ஒன்றிலிருந்து ஒரு பையன் தலை நீட்டி,
'ஆன்ட்டி! எந்த ஸ்டேஷன் பிடிக்குது?'
'உங்க அம்மா பேசறாங்க,
வீட்டுக்கு வரச் சொல்றாங்க!'
டாக்சியே குலுங்கிச் சிரித்தது.
நவம்பருக்குப் பிறகு தெருவில்
நான் போட்ட முதல் சத்தம்.

கேஸ் அடுப்பில் சுட்ட தண்ணீர், மூன்று ஜக்.
துவட்டினால்
பழைய கறுப்பு, செம்பு, வெள்ளை.
கைக்கண்ணாடியை வெயிலில் சாய்த்து
தொழில் கண்ணோடு தேடினேன், கோடு எங்கே என்று.
இடது காதுக்குப் பின்னால், ஓரிடத்தில், இருக்கிறது.
லோகேஷ்னியிடம் சொல்லவில்லை.
திங்கட்கிழமை சம்பளக் கணக்குக்குப் பட்டறை போவேன்.
காரைச் சுற்றுவதுபோல் ஒரு சுற்று வருவார்,
கொஞ்சம் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி.
அவருக்குத் தெரியும்.
தெரியட்டும்.

கார்டு மெஷினும் அணைந்து கிடந்தது.
லோகேஷ்னி கடன் நோட்டை விரித்தாள்.
'கோகிலாம்பாள் மூட்லி' என்று எழுதிவிட்டு,
'மூட்லிதானா, ஆன்ட்டி, இன்னும்?'
பேனா அந்தரத்தில்.

அதை அடிக்காதே, என்றேன்.
பக்கத்தில் கொஞ்சம் இடம் விடு.