பூ என்று பேர் வைத்தேன்

ஓசூரில் முகூர்த்தம் என்றால்
மாலையைத் தூக்கி வருவது என் டிரோன்தான்.
மணப்பெண் அண்ணாந்து பார்ப்பாள், ரோஜா இதழ் கொட்டும்.
ஒருமுறை கெலமங்கலத்தில் காற்று தள்ளி
மாமனார் தலைப்பாகையில் இறங்கிவிட்டது.
இப்போது அதையும் கேட்டு வாங்குகிறார்கள்.
வித்தை காட்டிப் பிழைப்பவன் நான்,
வெட்கமில்லை.

மார்கழியில் கல்யாணம் கிடையாது.
வனத்துறை கூப்பிட்டபோது சும்மாதான் இருந்தேன்.
சானமாவுக் காட்டில் அறுபதோ எழுபதோ,
ராகி வாசம் பிடித்து இறங்கியவை.
இருட்டில் எங்கே நிற்கின்றன என்று சொன்னால் போதும்,
விரட்டுவது அவர்கள் பாடு.
வெப்பம் பார்க்கும் கேமராவை வாடகைக்கு எடுத்தேன்.
கரும்பலகையில் சாக்கட்டி இழுவியதுபோல்
வெள்ளை வெள்ளையாய் யானைகள்.
நான் எண்ணிச் சொல்லச் சொல்ல
வாக்கி டாக்கியில் யாரோ
கன்னடத்தில் திருப்பிச் சொன்னார்கள்.

விடிந்தது. வேலை முடிந்தது.
பேட்டரியில் பதினொரு நிமிடம் மிச்சம்.

நிழலை நீளமாய்ப் படுக்கப் போட்டு
யானையைப் புள்ளியாக்கும் படம் வேண்டாம்,
அதை எல்லோரும் எடுத்தாயிற்று.
எனக்கென்று ஒன்று.
நேர் செங்குத்தாய், இன்னும் கீழே,
எண்பது மீட்டர், அறுபது,
நாற்பது.

தேனீக் கூட்டம் என்று நினைத்திருக்கும்.
மேய்ந்தவை நின்றன.
குட்டியை உள்ளே தள்ளி
முதுகோடு முதுகு உரச நெருங்கின.
அறுத்த தாளின் மஞ்சளில்
சாம்பல் இதழ் ஏழு,
நடுவே ஒரு பொட்டு.
கை நடுங்கியது எனக்கு,
சந்தோஷத்தில்.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில்
பெங்களூராவுக்கும் மல்கோவாவுக்கும் இடையே மாட்டினார்கள்.
பூ என்று பேர் வைத்திருந்தேன்.
ஐயாயிரமும் ஒரு குக்கரும் முதல் பரிசு.
இயற்கை போட்ட கோலம் என்றார் நடுவர், மைக்கில்.

பைரம்மா வந்து நின்றார். படத்திலிருப்பது அவர் நிலம்.
மாம்பழச் சாறு காயாத விரலை
ஓரத்தில் வைத்தார்:
"இதுதான் எங்க மோட்டார் கொட்டாய்.
நான் உள்ளாற இருந்தேன்.
மேல என்னமோ உறுமுது,
கதவைச் சாத்திக்கிட்டேன்.
அதுங்களும் சேந்து ஒண்டிக்கிச்சு.
என்ன சத்தம்னு
ரெண்டு பேருக்கும் தெரியல."
கறை இன்னும் இருக்கிறது, கண்ணாடி போடவில்லை.

கருவி மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன்.
தளியில் கோதண்டன் பட்டத்தின் வாலில்
உடைந்த செல்போனைக் கட்டி ஏரியைப் படம் பிடித்தான்.
நூற்றில் தொண்ணூற்றொன்பது வெறும் வானம்.
ஒன்றில் மட்டும் வற்றிய ஏரி,
வெடித்த குதிகால் மாதிரி.
அதற்கு நான் என்ன சொல்வது?

அந்த ராத்திரிப் பதிவிலேயே இன்னொன்று உண்டு.
மூன்று மணி நாற்பது, கூட்டம் நகர்ந்துவிட்டது.
யானை இல்லாத வயலில்
யானை அளவில்லாத ஒரு வெளிச்சம்.
குட்டி படுத்திருந்த இடம்.
அதன் சூட்டை மண் வைத்திருந்தது.
ஓரம் மங்கி, உள்ளே உள்ளே சுருங்கி,
நாலு நிமிடத்தில்
சுற்றியுள்ள மண்ணோடு மண்.
எந்தக் கண்ணுக்கும் அகப்படாதது.
நான் அப்போது நூற்றிருபது மீட்டரில்;
ஒரு தும்பிக்கையும் மேலே எழவில்லை.

ஆனால் கலங்கல் படம்.
அம்புக்குறி போட்டுக் கதை சொன்னால்தான் புரியும்.
கதை கேட்கும் படம் நல்ல படமா?
பேர் வைக்காமல் கிடக்கிறது, எண்ணோடு.

நாளை பாகலூரில் கல்யாணம்.
மாலை இறங்கும்போது புறாக்களையும் விட முடியுமா,
பெண்ணின் சித்தப்பா போனில்.
டிரோனைப் பார்த்தால் புறா மிரளும் என்றேன்.
"மிரண்டா சிதறிப் பறக்கும்ல?
வீடியோவுல அதான் எடுப்பா இருக்கும்."

சரி என்றும் சொல்லவில்லை.
பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.