தன் வாயால்

கணவாயை நாங்கள் நக்ஜி என்போம்.
இங்கே நக்ஜி என்றால்
எட்டுக் காலும் சேற்று நிறமுமாய்
வேறொரு பிராணி.
எல்லைக் கம்பிவேலி கடலுக்குள்ளும் இறங்கி
மீன்களின் பெயரை மாற்றி வைத்திருக்கிறது.

தப்பி வந்த முதல் வாரம் இதைத்தான் படித்தேன்.
சுடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை,
சந்தையில் விலை கேட்பதற்குத்தான்.
கண்ணாடி முன் நின்று
ஹம்கியொங் மலைச்சரிவை
நாக்கிலிருந்து இழைத்து இழைத்து எடுத்தேன்.
மூன்றாவது பெயர். மூன்றாவது அட்டை.
அட்டையில் இருப்பவன் பூசானில் பிறந்தவனாம்,
பேஸ்பால் பிடிக்குமாம்.
அவனோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

தேடுகிறவர்கள் இரு வகை.
வடக்கிலிருந்து வருகிறவன் தனியாக வருவான், சத்தமில்லாத காலணியில்.
தெற்கின் ஆட்கள் சாம்பல் நிற வேனில்,
ஆறிப்போன காபிக் கோப்பைகளோடு.
நவம்பரில், கங்னுங் பேருந்து நிலையத்தில்,
இருவருக்கும் ஒரே மாலையில் தண்ணி காட்டினேன்:
மொட்டைமாடி, கிம்ச்சிச் சாடிகள்,
யாரோ காயப்போட்ட குழந்தைச் சட்டைகள்,
ஒரு தாவல்.
விலை, இடது விலா எலும்பு ஒன்று.
மழை வருவதை அது இப்போது முதலில் சொல்லிவிடுகிறது.

நள்ளிரவுச் சிற்றலையில் அந்தப் பெண்
இன்னும் எண்கள் வாசிக்கிறாள்.
பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு, கணக்கு ஆறு.
டீச்சர் குரல்.
எந்தக் கணக்கில் நான் இருக்கிறேனோ,
புத்தகத்தை எப்போதோ எரித்துவிட்டேன்.
ஆனாலும் கேட்கிறேன்,
அந்த உச்சரிப்புக்காக.

ஜுமுன்ஜின் துறைமுகம், ஜனவரி, ஒரு கூடாரக் கடை.
கம்பளிக் கோட்டுப் போட்ட மனிதர் உள்ளே வந்தார்.
சுத்தமான சியோல் பேச்சு.
கண்ணாடித் தொட்டியைக் காட்டி,
"நக்ஜி ஒன்று" என்றார்.
கடைக்காரம்மா சிரித்தாள்.
"ஐயா, அது கணவாய்."

அரை நொடி
அவர் விரல் காற்றில் நின்றது.
"கண்ணாடி போட்டுவர மறந்துட்டேன்" என்றார்.

அந்த அரை நொடியை எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடமாக அதற்குள்தான் குடியிருக்கிறேன்.

நுணலும் தன் வாயால் கெடும்.
அதுவரை நான் நுணலாக மட்டுமே இருந்தவன்.
முகத்தைப் பார்த்தேன். தாடையை மாற்றியிருந்தார்கள்.
காதுகளை மறந்திருந்தார்கள்.
கர்னல் ஹ்யொன் சங்-மோ.
அதற்குப் பிறகு 'அவர்' இல்லை,
அவன்.

ஐஸ் ஆலையின் பின்சுவர். தொலைவில்
கணவாய்ப் படகுகளின் விளக்குகள் ஒரு போலி நகரம்போல.
என் பழைய நாக்கை எடுத்தேன்.
"தூமான் ஆறு. உறைந்த ஆறு. கும்-சில்.
சிவப்புக் கையுறை, ஒரு கைக்கு மட்டும்."

அவன் பயப்படவில்லை. யோசித்தான்.
உண்மையாகவே யோசித்தான்.

"எந்தக் குளிர்காலம்?"

இந்த இடத்துக்கென்று ஒன்பது வருடம்
ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தேன்.
இந்தக் கேள்விக்கு அது பொருந்தவில்லை.
கத்திக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

கையைக் கடலில் கழுவும்போதுதான் உறைத்தது,
கேள்வியின் கடைசி அசையை
எங்கள் ஊர் இழுப்பில் இழுத்திருந்தான்.
இந்தக் கரையில் என்னோடு அப்படிப் பேசிய
ஒரே ஆள்.

கடைக்குத் திரும்பி நடந்தேன்.
முனையில் சாம்பல் வேன், இஞ்சின் அணையாமல்.
ஓடலாம். சந்து இருக்கிறது, மதில் இருக்கிறது,
மீதி விலா எலும்புகள் இருக்கின்றன.

உட்கார்ந்தேன்.
தொட்டியில் ஒரு கணவாய்
வெளுத்தது, பழுப்பானது, மறுபடி வெளுத்தது,
எந்த நிறத்தில் ஒளிவதென்று தெரியாமல்.
விரலால் அதையே காட்டி, உரக்க,
மலைச்சரிவு முழுக்க நாக்கில் இறங்க,
"நக்ஜி" என்றேன்.

திருத்த வாய் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.
பேசாமல் வலையை எடுத்தாள்.

வெளியே வேன் கதவு சறுக்கும் சத்தம்.
மிளகாய் விழுது
கொஞ்சம் கூடுதலாகவே கேட்டேன்.