முட்டைக் கணக்கு

மழை விட்டு மூன்று மணி நேரம்.
வடபெரும்பாக்கம் வளைவில்
ஜீப்புக்குப் பின்னால் ஒற்றைச் சக்கரம் ஒன்றை
இழுத்துக்கொண்டு போகிறோம்.
கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று
சாலையின் குலுக்கலைக் கூட்டிச் சொல்லும் சக்கரம்.
தண்ணீர் நிற்கும் இடத்தில் மட்டும்
பேசாது.
அங்கே நான் இறங்க வேண்டும், ஸ்டீல் ஸ்கேலோடு.
பதினொன்று. பதினான்கு.
ஒரு பள்ளத்துக்கு ஸ்கேல் போதாமல்
குடையை விட்டேன்.

"என்னைக் கேளுங்க மேடம்"
என்றார் எபிநேசர், முட்டை வண்டிக்காரர்.
செங்குன்றத்திலிருந்து மூலக்கடைக்குத்
தினம் நூற்றிருபது அட்டை, ஏழு வருஷமாக.
உடைந்ததை அன்றன்றைக்குத்
தேதித்தாளின் முதுகில் எழுதி
கம்பியில் குத்தி வைத்திருக்கிறார்.

கம்பியோடு வாங்கி வந்தேன்.
ஒட்டுப் போட்டு மினுக்கிய பங்குனியில்
நாற்பத்தொரு முட்டை.
சாலை என்ற பேரே மிஞ்சாத கார்த்திகையில்
ஆறு.
இரண்டு தரம் கூட்டினேன். ஆறேதான்.

மறுநாள் கேட்டதற்குச் சிரித்தார்.
"கெட்ட ரோட்டுல எவன் மேடம் மிதிப்பான்?
உருட்டிக்கினே பூடுவேன்.
நல்லா கீதுன்னு நம்புனேன் பாரு,
அன்னைக்குத்தான் ஆம்லெட்டு."

அதற்குப் பிறகு முட்டையைக் கேட்பதில்லை.
கிளம்பிய நேரம், வந்த நேரம், அவ்வளவுதான்.
காய்ந்த நாளில் நாற்பது நிமிஷம்.
மழை நாளில் ஒன்றே முக்கால் மணி.
வானம் வெளுத்த பின்
பழைய நாற்பதுக்கு அவர் கால் திரும்ப
எத்தனை நாள்?

போன வருஷம் பத்தொன்பது.

எங்கள் கோப்பில்
ஜல்லி கொட்டி, படம் பிடித்து, பில் பாஸாகி
'நிலுவைப் பள்ளங்கள்' கட்டத்தில்
மூன்றாம் நாளே
முட்டை போட்டிருந்தோம்.
கீழே என் கையெழுத்து,
மை கூடக் கலங்காமல்.

இந்த மழைக்கு இன்று நான்காம் நாள்.
காலை ஆறே முக்கால், மூலக்கடை.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது.
ஒரு விளக்கு மட்டும் எரியும் வண்டி
மேம்பாலத்தடியில் திரும்புகிறது.
ஐம்பத்தெட்டு நிமிஷம்.

"பரவால்ல மேடம்" என்கிறார் இறங்கும்போதே,
"கால்வாப் பாலத்தாண்ட மட்டும்
இன்னும் பயமா கீது."

பயம் என்று எழுதிக்கொண்டு
எத்தனை மீட்டருக்கு என்று கேட்கிறேன்.