இயக்குநர்

வானொலியில் என்னை
'இயக்குநர் அமிர்தவல்லி சின்னையா' என்றார்கள்.
ஈசூனிலிருந்து மாமா அழைத்தார்:
"எந்தப் படம்மா?"

படமில்லை மாமா, காகிதப் பட்டை.
சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.
ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரம்,
டெங்கி என்றால் இரண்டு கோடு.
அந்த இரண்டாவது கோட்டுக்கு
ஒன்பது ஆண்டு.

புவன விஸ்தாவில் எனக்கொரு மேசை இருந்தது,
சன்னல் இருந்தது, மாதம் தவறாத சேமநிதி இருந்தது.
கட்டுரைகள் வந்தன. பதினெட்டுப் பேர் படித்தார்கள்,
அதில் நால்வர் மறுப்பதற்காக.
நாற்பத்திரண்டில் வேலையை விட்டேன்.
வாசு இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் வீட்டுக் கடன் அட்டவணையை
என் பக்கம் தள்ளி
"எந்த மாசம் வரைக்கும்?" என்றார்.

பாண்டான் லூப், நான்காம் மாடி.
அடுத்த கதவு மீன் உருண்டைத் தொழிற்சாலை.
துவைத்த அங்கியிலும் வாளை மீன் வாசம்.
முதலீட்டாளர் ஒருவர் மூக்கைத் தேய்த்தபடி
"சந்தை எவ்வளவு பெரியது?" என்றார்.
கொசு எவ்வளவு சின்னது என்றுதான்
எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை.
மைனஸ் எண்பது ஃப்ரீசர் செத்துக் கிடந்தது.
(அபாய மணிக்கு பேட்டரி மாற்ற மறந்தது நான்தான்.
வானொலியில் இதைச் சொல்லவில்லை.)
திரு. கோ ஒன்றும் கேட்காமல்
தன் குளிரறையில் இரண்டு தட்டு ஒதுக்கித் தந்தார்.
உருண்டைகளுக்கு நடுவே
ஆறு ஆண்டு உழைப்பு, சின்னச் சின்னக் குப்பிகளில்.
பிழைத்தவை பதினொன்று.
ஏழாம் எண் பிழைக்கவில்லை.

ஏழுதான் நல்லது.

பலதுறை மருந்தகங்களுக்குப் போனது மூன்றாம் எண்.
பரவாயில்லை ரகம்.
நூறு காய்ச்சலில் தொண்ணூற்றொன்றைச் சரியாகச் சொல்லும்.
மீதி ஒன்பது பேரை எனக்குத் தெரியாது.
அவர்களுக்கும் என்னை.

இப்போது சோதனைக் குழாய்களெல்லாம் சின்னவர்கள் கையில்.
நான் கூட்டங்களில் உட்காருகிறேன்,
கோப்பி ஓ ஆறும்வரை
இத்தனை மில்லியன் வெள்ளி, அத்தனை விழுக்காடு.
சில இரவு எல்லாரும் போனபின்
அங்கியை மாட்டி
பழைய மாதிரி ஒன்றைப் பட்டையில் விட்டுப் பார்ப்பேன்.
கோடு வரும், வெளிறி.
ஏழாக இருந்தால்
இன்னும் கொஞ்சம் அடர்ந்திருக்கும்.

மாமா இன்னும் தொலைபேசியில்.
"இன்னும் வெளியாகலை மாமா" என்றேன்.