அரைப் பக்கம்

ஆண்டறிக்கையில் அரைப் பக்கம் போதும் என்றார் போதகர்.
மீதி அரையில் கூரைச் செலவு வர வேண்டும்.
நான் பொருளாளர். எனக்குத் தெரிந்தது கணக்கு,
அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெய்க்கோ லாம்பினென். முப்பத்தெட்டு வருடம்.
தொடக்கத்தில் ஞாயிறொன்றுக்குப் பதினோரு டாலர்,
கல்யாணத்துக்குத் தனி.
அடக்க ஆராதனைக்கு அவர் பில் அனுப்பியதில்லை,
ஆகவே எத்தனை பேரை வழியனுப்பினார் என்பது
என் பேரேட்டில் இல்லை.

வாரநாளில் துறைமுகத்தில் இரும்புத்தாதுக்கு எடை எழுதுவார்.
சனிக்கிழமை ஒத்திகைக்கு
நகக்கண்ணில் செந்தூசியோடு வந்து உட்காருவார்.
ஆர்கனின் நடுக் கட்டைகள்
கொஞ்சம் வெற்றிலை போட்ட பல் மாதிரி இருக்கும்.
துடைப்பது பொருளாளர் வேலையில்லை.
துடைத்திருக்கிறேன்.

பின்மாடத்தில், சபைக்கு முதுகு காட்டி வாசிப்பவர்.
தலைக்கு நேரே ஒரு கண்ணாடி,
யாரோ பழைய லாரியிலிருந்து கழற்றிக் கொடுத்தது.
பீடம், மணப்பெண், சவப்பெட்டி,
அவருக்கு எல்லாமே இடவலம் மாறித்தான் நடந்தது.
என் மனைவி அய்லியின் இடது கன்னத்து மரு
வலது கன்னத்தில் என்று ஒருநாள் பந்தயமே கட்டினார்.

பாடகர் குழுவில் அப்போது இருபத்தாறு பேர்.
இப்போது ஒன்பது. டெனருக்கு ஓர் ஆள்,
பல்செட் வைத்ததிலிருந்து அவரும் 'ஸ'வில் விசிலடிக்கிறார்.
பத்தாவதாக நான்.
சேர்ந்த மூன்றாம் வாரம் என்னைத் தனியே அழைத்து,
"வாயைத் திற, மூச்சை எங்களோடு எடு,
சத்தம் மட்டும் வேண்டாம்" என்றார்.
இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் பாடினேன்.
பேஸ் வரிசைக்கு என் உயரம் பொருத்தம் என்பார்கள்.

ஒருமுறை மினியாபொலிஸில் ஒரு பெரிய ஆலயத்துக்கு
நேர்முகத்துக்குப் போனார்.
அங்கே நாலு அடுக்குக் கட்டை, நமக்கு இரண்டு.
மூன்றாம் நாள் திரும்பிவிட்டார்.
யாரும் கேட்கவில்லை.
அந்த ஞாயிறு எல்லாப் பாட்டையும் மிக மெதுவாக வாசித்தார்.
வயதானவர்கள் கைகுலுக்கிப் பாராட்டினார்கள்.

இதை எழுதலாமா தெரியவில்லை:
சாரா ஹியெட்டாலாவின் அடக்கம், பிப்ரவரி.
ஏரி கரைவரை உறைந்திருந்தது, கொதிகலன் படுத்துவிட்டது.
ஜெபத்தின் நடுவே ஒரு குழாய் தானாகக் கத்தத் தொடங்கியது,
ஒரே சுரம், விடவேயில்லை.
கட்டையை உலுக்கிப் பார்த்தார். காற்று மோட்டாரை அணைத்திருக்கலாம்.
அணைத்தால் பாட்டில்லாமல் புதைக்க வேண்டும்.
ஆமென் சொல்லி முடித்ததும்
ஞானப்பாட்டை ஒன்றரைக் கட்டை ஏற்றித் தொடங்கினார்.
சோப்ரானோக்கள் திரும்பி முறைத்தார்கள், ஆனாலும் ஏறினார்கள்.
கத்திக்கொண்டிருந்த சுரம்
ஒவ்வொரு வரியிலும் ஓர் இடம் கண்டுபிடித்து உட்கார்ந்தது,
விருந்துக்குச் சொல்லாமல் வந்தவனுக்கு
நாற்காலி போட்டதுபோல.
கணவர் அதை ஏற்பாடு என்றே நினைத்தார்.
இருபது டாலர் கொடுத்தார்.
அது பேரேட்டில் இருக்கிறது: பல்வகை வரவு, 20.00.

போன ஞாயிறு கடைசி. கேக் இருந்தது.
பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
ஆராதனை முடிந்து அவர் வாசிக்கும்போது
எப்போதும்போல் எல்லோரும் காபிக்கு இறங்கினார்கள்,
எப்போதும்போல் சத்தமாகப் பேசிக்கொண்டு.
காணிக்கை எண்ண நான் மட்டும் இருந்தேன்.
நாணயம் கிணுங்கக் கூடாதென்று நோட்டுகளை முதலில் எடுத்தேன்.
நடுவே ஓரிடத்தில் விரல் தவறியது.
நின்றார். நாலு அளவு பின்னால் போய்
அந்த இடத்தைச் சரியாக வாசித்துவிட்டுத்
தொடர்ந்தார்.

பிறகு மோட்டாரை அணைத்தார்.
துருத்தி மெல்லத் தணிந்தது.
பழக்கம், நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

அரைப் பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது.
கூரை
அடுத்த பக்கத்தில் ஒழுகட்டும்.